'அவங்க' என்றால் எத்தனை பேர்?

எம்.ஏ. இரண்டாம் வருடத்தில், ஆங்கிலத்தில் எழுத எனக்கு நன்றாக வரும் என்ற தலைக்கனம் இருந்தது. பொம்மனஹள்ளியில் ஒரு சந்துக்குள் இருக்கும் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்து, கடைகண்ணிக்குக் கன்னடம் பழகி, அரசாங்கப் பள்ளியில் படித்து, சமூகவியல் வகுப்புக்கு வந்து சேர்ந்தவள் நான். கான்வென்ட் பிள்ளைகள் நுனிநாக்கில் பேசும்போது வாயைத் திறக்க மாட்டேன். எழுத்தில் அவர்களைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதற்கு நான் கண்டுபிடித்த வழி பெரிய பெரிய சொற்கள். ஆய்வுக் கட்டுரைகளில் எந்தச் சொல் எனக்குப் புரியவில்லையோ அதை எடுத்துவைத்துக்கொண்டு, கிடைத்த இடத்தில் செருகிவிடுவேன். ஒரு வாக்கியம் நாலு வரிக்குக் குறைந்தால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

அப்போது நான் எழுதிய வாக்கியம் ஒன்றைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "மேற்கூறப்பட்ட உற்பத்திச் சூழலமைவினுள் உழைப்பாளர் விலக்கப்படுதல் என்பது பன்முகத்தன்மையுடன் நிகழ்த்தப்படுவதாக அவதானிக்கப்படுகிறது." விஷயம் என்னவென்றால், ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அதை அப்படியே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டால் எம்.ஏ. எதற்கு?

எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் கார்மென்ட்ஸுக்குப் போகிறவர்கள். என் அம்மாவும் போனவள்தான். அப்பா நான் சின்னவளாக இருந்தபோதே தவறிவிட்டார். அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்து, பிறகு ஒரு வரிசை மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் லைன் சூப்பர்வைசராகி, முழங்கால் தேய்ந்து நிற்க முடியாமல் போன பிறகு வீட்டோடு வந்துவிட்டாள். இப்போது அக்கம்பக்கத்து ரவிக்கைகளுக்குக் கொக்கி தைத்துக் கொடுக்கிறாள். அதனால் ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேட நான் அலையவில்லை. கார்மென்ட்ஸில் வேலை போன பெண்களைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள். அதில் மூன்றாவது அத்தியாயம் முழுக்க ஒரே ஒருவரின் கதை. பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓர் அக்கா. அம்மா வேலை பார்த்த அதே இடத்தில் தைத்துக்கொண்டிருந்தவர், திடீரென்று ஒருநாள் நிறுத்தப்பட்டவர். அவர் பேசியதைப் போனில் பதிவு செய்து, ஆங்கிலத்தில் மாற்றி எழுதியிருந்தேன். அவரைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா, "அவளையா? வேற ஆளே கெடைக்கலியா ஒனக்கு?" என்றாள். அக்கா கொஞ்சம் வாயாடி, அதனால் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியரை எல்லோரும் போல நானும் கைடு என்றே சொல்கிறேன். கொல்கத்தாக்காரர், அதிர்ந்து பேசாதவர். ஆய்வேட்டை அவரிடம் கொடுத்துவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அழைத்தார். மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். ஓரமெல்லாம் பென்சிலில் ஒரே கேள்வி, பக்கத்துக்குப் பக்கம்: எத்தனை பேர்? எத்தனை பேர்?

"இந்த அத்தியாயத்துக்கு எத்தனை பேரிடம் பேசினாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒருவரிடம், சார்."

"ஆனால், அவர்கள் சொன்னார்கள், அவர்கள் அழுதார்கள், அவர்கள் நடந்தே வீட்டுக்குப் போனார்கள் என்று எழுதியிருக்கிறாய். படிக்கிற எனக்கு ஒரு கூட்டமே தெரிகிறது. ஒருவரைப் பலராகக் காட்டினால் ஆராய்ச்சியில் அதற்கு என்ன பெயர் என்று உனக்குத் தெரியும்."

தெரியும். இல்லாத ஆளை இருப்பதாக எழுதுவது. மோசடி என்று பச்சையாகச் சொல்லாமல், மாதக் கடைசிக்குள் இதைச் சரிசெய்து விளக்கம் தராவிட்டால் கையெழுத்துப் போட முடியாது, அடுத்த வருடம்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். ஓசூர் ரோட்டில் ஒரு கல்லூரியில் எனக்குக் கௌரவ விரிவுரையாளர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஜூனுக்குள் பட்டம் கையில் இருந்தால்தான் அது. அந்த வேலையை நம்பி அம்மாவின் கொக்கி வேலையை நிறுத்திவிடலாம் என்று நான் வீட்டில் பெருமையடித்திருந்தேன்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்றைக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. ஆளே இல்லாமல் பேர் எழுத நான் என்ன வாக்காளர் பட்டியலா தயார் செய்கிறேன்? வெளியே வந்து வராந்தாவில் நின்று, அந்த மனிதரை மனசுக்குள் திட்டத் தொடங்கினேன். தப்பு எங்கே என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. நான் எழுதியதை நானே நாலு தரம் படித்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அக்கா சொன்னாங்க, அழுதாங்க, நடந்து போனாங்க.

என் முகத்தைப் பார்த்து அருகில் வந்தவள், அதுவரை எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒருத்தி. ரிச்சர்ட்ஸ் டவுனில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. நான் யாரைப் பார்த்து வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னேனோ அந்த நுனிநாக்குக் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. "என்ன ஆச்சு பா? ஏன் இப்டி இருக்க?" என்றாள். பொலபொலவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "சண்டே வீட்டுக்கு வா. சர்ச் முடிஞ்சி ஃப்ரீதான். சேந்து படிக்கலாம்" என்றாள். அவளுக்கும் அதே மாதக் கடைசிதான், அவளுடையதும் முடிந்திருக்கவில்லை. இருந்தும் கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தேங்காய்ப்பால் சோறும் கறிக்குழம்பும் முடிந்த கையோடு, என் மூன்றாம் அத்தியாயத்தை அவள் உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். இரண்டு பத்தி போனதும் நிறுத்தினாள்.

"ஒன் மினிட். இங்க 'தே'ன்னு போட்டிருக்கியே, தே யாரு?"

"அக்காதான்."

"அக்கா ஒருத்தர்தானே? அப்போ ஏன் தே?"

"பெரியவங்களாச்சே. அவங்கன்னுதானே சொல்லணும்? 'அவ'ன்னா சொல்லுவாங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். கையில் இருந்த தாள்களைக் கீழே வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், மேசை ஆடியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்ன கதை இது. சின்ன வயதில் வீட்டுக்கு ஒரு போன் வந்திருக்கிறது. அவள் அப்பாவின் ஆபீசிலிருந்து யாரோ வெள்ளைக்கார இங்கிலீஷில் டாடி இருக்கிறாரா என்று கேட்க, இவள் மரியாதையாக, "டாடி? தே ஆர் பேதிங்" என்றிருக்கிறாள். டாடி குளிச்சிட்டு இருக்காங்க. அந்தப் பக்கத்து ஆள், "உங்க வீட்ல எத்தனை டாடி பாப்பா?" என்று கேட்டிருக்கிறார். அது பள்ளிக்கூடம் வரைக்கும் பரவி, வருடக்கணக்கில் அவளை எத்தனை டாடி என்று ஓட்டியிருக்கிறார்கள். "கான்வென்ட்ல அடிச்சு அடிச்சு எனக்கு இத எடுத்துட்டாங்க. உனக்கு யாரும் எடுக்கல, அவ்ளோதான்" என்றாள்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எழுத்துத் தமிழில் ஒருவரை மரியாதையாகச் சொல்ல 'அவர்' இருக்கிறது, பலரைச் சொல்ல 'அவர்கள்' இருக்கிறது. பேசும்போது, அதிலும் பெண்களைப் பற்றிப் பேசும்போது, வாயில் வருவது இரண்டுக்கும் 'அவங்க' மட்டும்தான். நான் அக்காவைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியவள். மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல் அவரைப் பலராக்கிவிட்டேன். இந்தக் காலத்தில் ஆணா பெண்ணா என்று சொல்ல விரும்பாதவர்களை ஆங்கிலத்தில் 'தே' என்று எழுதுவதுண்டு என்று தோழி சொன்னாள். அக்காவுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது.

திங்கட்கிழமை கைடிடம் போய் இதைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். பதிவைப் போட்டுக் காட்டச் சொன்னார். ஒரு தமிழ் வார்த்தை புரியாவிட்டாலும், ஒரே குரல்தான் பேசுகிறது என்பதைக் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டார். "உன்மேல் எனக்கு இருந்த சந்தேகம் போய்விட்டது, என்னை மன்னித்துக்கொள்" என்று சொன்னார். ஒரு பேராசிரியர் மாணவியிடம் அப்படிச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அவரை வராந்தாவில் நின்று என்னென்ன திட்டினேன் என்று நினைத்துப் பார்த்துத் தலைகுனிந்துகொண்டேன். அதோடு விட்டாரா என்றால், இல்லை. "இவரை ஒருவர் ஆக்கிவிடுவாய். சரி. இவரை வேலையை விட்டு நிறுத்திய 'அவர்கள்' யார்? அவர்களும் ஒருவரா, பலரா? உன் எழுத்தில் நிறுத்தப்பட்டார் என்று இருக்கிறதே தவிர, நிறுத்தியது யார் என்று எங்கும் இல்லை. சமூகவியலில் அதுதானே கேள்வி?" என்றார். மாதக் கடைசி மாதக் கடைசியாகவே இருந்தது.

அதன்பிறகு வந்த ஞாயிறுகள் எனக்கு எழுதக் கற்றுத்தந்தன. தோழிக்குத் தமிழ் படிக்க வராது என்பதே வசதியாகப் போயிற்று. நான் பதிவைப் போடுவேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அக்கா 'ஆங்க' என்று முடிக்கிற ஒவ்வொரு இடத்திலும் கையைத் தூக்குவாள். நான் நிறுத்துவேன். "யாரு?" என்பாள். சொன்னாங்க, யாரு? குடுத்தாங்க, யாரு? சிரிச்சாங்க, யாரு? எனக்குத் தெரிந்தால் பெயர்ச்சொல்லைப் போட்டு எழுதுவேன். தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே எழுதுவேன். பெரிய சொல் வரும்போதெல்லாம், "இது யாரு பண்ணது?" என்று கேட்பாள். 'விலக்கப்படுதல்' யாரும் பண்ணியதில்லை, அது தானாகவே நடந்துகொண்டிருந்தது. அதைத் தூக்கினோம். 'நிகழ்த்தப்படுதல்' போயிற்று. நாலு வரி வாக்கியம் ஒரு வரியானது. பக்கம் குறையக் குறைய, மிச்சம் எத்தனை என்று எண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு ஞாயிறு, எனக்கு மிகவும் பிடித்த ஒரு சொல்லை அவள் அடித்துவிட்டாள் என்று கோபித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டேன். லேப்டாப் சார்ஜரை அங்கேயே விட்டுவிட்டதால் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. அவள் கதவைத் திறந்து, ஒன்றும் நடக்காததுபோல, "யாரு?" என்றாள்.

இப்படி ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டு வந்து, ஒரே ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டோம். அத்தியாயத்தின் நடுவே வரும் இடம் அது. அக்கா காலர் தைத்துக்கொண்டிருக்கிறார். "பின்னாடி வந்து நின்னாங்க. மெஷின ஆஃப் பண்ணிட்டாங்க. நாளைக்கு வராதன்னு சொல்லிட்டாங்க." தோழி கையைத் தூக்கியபடியே இருந்தாள். "போய் அவங்ககிட்டயே கேளு பா. இதுதான் உன் சாப்டரே" என்றாள்.

அடுத்த நாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து நாலு உரித்தேன்.

"அக்கா, மெஷின ஆஃப் பண்ணாங்கன்னு சொன்னீங்களே. அது யாரு?"

"அவங்கதான்."

"எவங்க?"

"அதான், வருவாங்கல்ல. அவங்க." அக்கா தலையை நிமிர்த்தவில்லை.

"ஒருத்தரா, ரெண்டு மூணு பேராக்கா? அத மட்டுமாச்சும் சொல்லுங்க. எனக்கு எழுதியாவணும்."

"ஒருத்தங்கதான்."

"சூப்பர்வைசரா?"

அக்கா பட்டாணித் தோலையெல்லாம் ஒன்றாக அள்ளினார். "நீ நல்லாப் படிக்கிற புள்ள. அது போவட்டும் வுடு, கண்ணு" என்றார். நான் விடவில்லை. யாரு, யாரு என்று பழகிப்போன வாய். கடைசியில், "போயி ஒங்கம்மாகிட்டயே கேளு" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

அம்மாவைக் கேட்டால் அந்த லைனில் யார் சூப்பர்வைசர் என்று சொல்லுவாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பாதித் தெரு தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒரே ஒருத்தருக்காக, என் முகத்துக்கு எதிரே அக்கா அத்தனை தரம் 'ஆங்க' போட்டது ஏன் என்றும் அப்போது புரிந்தது. நான் அதை எதிராளிகள் கூட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா மடியில் ரவிக்கையோடு உட்கார்ந்திருந்தாள். நான் செருப்பைக் கழற்றாமலேயே கேட்டேன்.

"அம்மா, அந்தக்காவோட மெஷின ஆஃப் பண்ணது நீயா?"

அவள் கை நின்றது. "சொல்லிட்டாளா?"

"சொல்லல. ஒன்னத்தான் கேக்கச் சொன்னாங்க."

ஊசியை ரவிக்கையில் குத்தி வைத்தாள். பிறகு, "ஆர்டரு கேன்சலாயிடிச்சி. லைனுக்கு ஒரு ஆளு கொறைக்கணும், பேரு குடுன்னு கேட்டாங்க" என்றாள்.

"யாரு கேட்டாங்க?"

"புரொடக்‌ஷன் மேனேஜரு."

"அவரு ஒருத்தரா?"

"ஒருத்தருதான். என்னாடி போலீஸ்காரி மாதிரி?"

"பேரு யாரு குடுத்தாங்க?"

"குடுத்தாங்க இல்ல" என்றாள் அம்மா. "நான்தான் குடுத்தேன். நெனச்சுப் பாத்த மூணு பேருல மத்த ரெண்டு பேரு புருஷன் இல்லாம இருந்தாளுங்க. இவளுக்கு வூட்டுக்காரன் சம்பாரிக்கிறான், சமாளிச்சுக்குவான்னு நெனச்சேன். குடுக்கலன்னா என் பேரு போயிருக்கும்."

"அப்டி மேனேஜர் சொன்னாரா?"

அம்மா யோசித்தாள். பொய் சொல்லுகிற ஆள் இல்லை அவள். "இல்ல. அத யாரும் சொல்லல. நானா நெனச்சுக்கினேன்" என்றாள்.

அந்த வருடம் நான் பி.ஏ. முதல் வருடம். அம்மாவின் சம்பளம் ஒரு மாதம் நின்றிருந்தாலும் என் படிப்பு நின்றிருக்கும். அதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், எதற்கெடுத்தாலும் வருகிற கோபம். அன்றைக்கு வரவில்லை. அவள் காலடியில் உட்கார்ந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது, உட்கார்ந்துகொண்டேன்.

உண்மையைச் சொன்னால், தப்பித்துக்கொள்ள எனக்கு ஒரு வழி இருந்தது. இயந்திரம் நிறுத்தப்பட்டது என்று எழுதிவிட்டால் போதும். இலக்கணப்படி குற்றம் சொல்ல முடியாது. பெரிய பெரிய ஆய்வுகளில் எல்லாம் அப்படித்தான் இயந்திரங்கள் நிறுத்தப்படுகின்றன, ஊர்கள் காலி செய்யப்படுகின்றன. எத்தனையோ பேருடைய அம்மாக்கள் அந்த 'பட்டது'களுக்குள் உட்கார்ந்திருப்பார்கள் என்று தோன்றியது. "ஒன் பேச்சே வராம எழுதிடலாம்மா. ஒரு வழி இருக்கு" என்றேன்.

"கைடு ஒத்துக்குவாரா?"

"கேப்பாரு. தெரியலன்னு சொல்லிடலாம்."

"தெரியுதே" என்றாள் அம்மா. பிறகு கொக்கிகளை டப்பாவில் போட்டு மூடினாள். "எழுது. ஆனா அதுக்கு முந்தி நான் போயி அவகிட்ட சொல்லணும். மெஷின ஆஃப் பண்ணது அவளுக்குத் தெரியும். பேரு குடுத்தது நான்னு தெரியாது. மொதல்ல அவளுக்குத் தெரியணும், அப்பறம் ஒன் காலேஜிக்குத் தெரியட்டும்."

முழங்கால் வலியோடு அந்தத் தெருவைத் தாண்டுவது அம்மாவுக்குச் சாமானியமில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அக்கா எங்களைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்கக்கா" என்றார். அம்மா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். "ஒம்பேர மேனேஜருகிட்ட குடுத்தது நான்தான். அவரு பேரு கேட்டாரு, யாருன்னு சொல்லல. நான்தான் ஒன்னச் சொன்னேன்."

அக்கா அம்மாவைப் பார்த்தார். "தெரியும்க்கா. மொகத்தப் பாக்காம மெஷின ஆஃப் பண்ணீங்க. அப்பவே தெரிஞ்சிடிச்சி" என்றார். அம்மா அழுதாள். அக்கா அழவில்லை. உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். மூன்று பேரும் குடித்தோம். கிளம்பும்போது அம்மாவுக்குப் படி இறங்க அக்காவே கை கொடுத்தார்.

எழுதினேன். "உற்பத்தி மேலாளர் ஒரு பெயரைக் கேட்டார். லைன் சூப்பர்வைசர் இந்தப் பெண்ணின் பெயரைக் கொடுத்தார். அவரே வந்து இயந்திரத்தை நிறுத்தினார். அந்த சூப்பர்வைசர் என் அம்மா." ஆங்கிலத்தில் இதைவிடச் சின்ன வாக்கியங்களை நான் எழுதியதே இல்லை. தோழி உரக்கப் படித்தாள். அன்றைக்கு அவள் கை ஒரு தடவையும் மேலே போகவில்லை. படித்து முடித்துவிட்டு, எழுந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் அத்தியாயத்தை முடிக்க எனக்கு ஓர் அழகான வாக்கியம் வேண்டியிருந்தது. பழைய புத்தி போகுமா? அக்கா டீ கொடுத்தார், கை பிடித்து இறக்கிவிட்டார். அதை வைத்து, "பின்னர் அவர் சூப்பர்வைசரை மன்னித்தார்" என்று எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. படிக்கப் படிக்க எனக்கே கண் கலங்கியது. தோழி மட்டும், "இத அவங்க சொன்னாங்களா?" என்று கேட்டாள். டீ குடுத்தாங்களே என்றேன். "டீ குடுத்தாங்கன்னு எழுது அப்போ" என்றாள்.

மறுநாளே அக்காவிடம் போனேன். எழுதியதைத் தமிழில் சொல்லி, இது சரிதானா என்று கேட்டேன். அக்கா வேகமாகத் தலையை ஆட்டினார்.

"அத எடுத்துடு. மன்னிச்சிட்டேன்னு நான் எங்க சொன்னேன்? அதுக்கப்பறம் ஆறு மாசம் நான் பட்ட பாடு ஒனக்குத் தெரியாது. ஒங்கம்மா மேல எனக்கு இன்னும் கோவம் இருக்குது. நீ வந்தா சோறு போடுவேன், அது வேற." பிறகு, "ஆனா அவங்க வந்து சொன்னாங்க பாரு. அத்தன வருசத்துல வேற எவன் வந்து சொன்னான்? அத எழுது. வந்து சொன்னாங்கன்னு எழுது, போதும்" என்றார்.

அப்படியே எழுதினேன். மாதக் கடைசிக்குள் கொடுத்துவிட்டேன். கைடு கையெழுத்துப் போட்டார். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் அந்த அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "உன் அம்மாவுக்கு இது தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். ஜூனில் கல்லூரி வேலையில் சேர்ந்தேன். என் வகுப்புப் பிள்ளைகளும் பெரிய சொற்களை அள்ளிக்கொண்டுதான் வருகிறார்கள். அவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வருகிறது, ஒட்டுதலும் வருகிறது. தோழி இப்போது வேறு ஊரில் மேற்படிப்பு படிக்கிறாள். அவளுக்கும், மன்னிப்புக் கேட்ட அந்தப் பேராசிரியருக்கும், பொய்யான ஒரு வாக்கியத்தை எழுதவிடாமல் தடுத்த அக்காவுக்கும் நான் பட்டிருக்கும் நன்றி பெரிது. எந்தச் சொல்லைப் போட்டாலும் அதைப் பெரிதாக்க முடியாது, சின்னதாக்கவும் முடியாது.

பட்டம் வந்த அன்றைக்கு, அக்காவே பேசுவதாக முடியும் அந்த அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைத் தமிழில் சொல்லச் சொன்னாள் அம்மா. வேண்டாம்மா என்றேன். படி என்றாள். படித்தேன். "அவர் என் வீட்டுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் அவரை மன்னிக்கவில்லை. ஆனால் அவர் வந்து சொன்னார்."

அம்மா இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். படித்தேன். அவள் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு, "கரெக்டா எழுதியிருக்க" என்றாள்.